இரண்டு பாஸ்போர்ட், ஒரே ஒரு பயணம்: எந்தப் பாரம்பரியச் சின்னம்?

கொழிஞ்சாம்பாறை மாஷ்

எல்லோருக்கும் வணக்கம். வருகிற மே 31-ஆம் தேதி எனக்குப் பணி ஓய்வு. கேரளத்தில் 56 ஆனால் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், தெரிந்ததுதான். தமிழ் வாத்தியார் வேலையோடு, பிள்ளைகளை வினாடி வினாவுக்குத் தயார் செய்வதும் இத்தனை வருடமாக என் தலையில்தான். அதனால் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியல் எனக்குத் தூக்கத்திலும் வரும். 1978-இல் முதல் பட்டியலில் 12 இடங்கள். 1983-இல் இந்தியாவுக்கு முதல் நான்கு: அஜந்தா, எல்லோரா, ஆக்ரா கோட்டை, தாஜ்மகால். 2025 கணக்குப்படி உலகம் முழுக்க 1,248, அதில் நம் நாட்டில் 44.

இவ்வளவும் ஒப்பிப்பவன் நேரில் பார்த்தது மாமல்லபுரம், தஞ்சைப் பெரிய கோயில், ஊட்டி ரயில். அவ்வளவுதான். வெளிநாடு என்று எதையும் மிதித்ததில்லை.

வருகிற பணத்தில் நாலு லட்சம் ஒதுக்கி வைத்திருக்கிறேன். நானும் வீட்டம்மாவும். ஒரே ஒரு பயணம். ஐந்து நாளில் ஏழு ஊர் காட்டும் வேன் பயணம் வேண்டாம். ஒரு இடத்தை நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். அவளுக்கு முட்டி வலி உண்டு. என் மனதில் இருப்பது பெரு நாட்டு மச்சு பிச்சு. நீங்கள் போன இடத்தை வைத்துச் சொல்லுங்கள்.

சித்தூரான்

மாஷே, வாழ்த்துகள். நான் ஆந்திரா சித்தூர், உங்கள் வீட்டுக்குப் பக்கத்துச் சித்தூர் இல்லை. இந்தக் குழப்பத்தில் ஒருமுறை என் பார்சல் பாலக்காடு வரை போய்த் திரும்பியது.

எதற்கு வெளிநாடு? எங்கள் திருமலையையே யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்துவிட்டார்களே. குடும்பக் குழுவில் வந்தது.

கொழிஞ்சாம்பாறை மாஷ்

குடும்பக் குழுவில் நம் தேசிய கீதம்தான் உலகிலேயே சிறந்தது என்று யுனெஸ்கோ அறிவித்ததாகவும் வருடா வருடம் வருகிறது, சார். திருமலை மலைகள் 2025-இல் தற்காலிகப் பட்டியலுக்குத்தான் போயிருக்கின்றன. அது காத்திருப்போர் வரிசை மாதிரி. அதுவும் கோயிலுக்காக இல்லை, பாறைக்காக. சிலாதோரணம் என்கிற இயற்கைப் பாறை வளைவு, மலைப்பாதையில் தெரியும் பாறை அடுக்குகள், இவற்றின் வயதுக்காக. அதே தடவை எங்கள் பக்கத்தில் வர்க்கலைக் கடற்கரைக் குன்றும் வரிசையில் நின்றிருக்கிறது. ஆந்திர மாநிலத்துக்கு இன்னும் முழுப் பட்டியலில் ஒன்றுகூட இல்லை. லேபாக்ஷியும் காத்திருக்கிறது.

சித்தூரான்

அப்போ நான் இலவச தரிசன வரிசை மாதிரி நினைத்துக்கொள்கிறேன். என்றைக்காவது உள்ளே விடுவார்கள்.

நகரி தறி

மச்சு பிச்சு வேண்டாம் மாஷே. முட்டி வலிக்காரரை அங்கே கூட்டிக்கொண்டு போவது பாவம். போகிற வழியில் இருக்கும் குஸ்கோ நகரமே 3,400 மீட்டர் உயரம். நம் ஊட்டி 2,240-தான். மூச்சு முட்டும். அப்புறம் விமானச் செலவு உங்கள் நாலு லட்சத்தை அப்படியே விழுங்கும்.

நான் சொல்வது கம்போடியாவின் அங்கோர். 2019-இல் நானும் மச்சானும் போனோம். தறிக்காரனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள், வியாபாரமாக பாங்காக் வரை போனவன் அப்படியே தாண்டிவிட்டேன். ஒரு நாள் சீட்டு 37 டாலர், மூன்று நாள் 62, ஏழு நாள் 72. மூன்று நாள் எடுங்கள். ஒரு நாள் சீட்டு எடுத்தவர்கள் எல்லோரும் ஓடிக்கொண்டே இருந்தார்கள்.

அங்கோர் வாட் மேற்குப் பார்த்த கோயில். விடியற்காலையில் குளத்தங்கரையில் ஐநூறு பேர் செல்பேசியைத் தூக்கிக்கொண்டு சூரியனுக்காக நிற்பார்கள். நீங்கள் நிற்காதீர்கள். நேரே உள்ளே போய், வலது பக்கம் திரும்பினால் குருக்ஷேத்திரம். சுவர் முழுக்கப் படை. அதில் ஓர் இடத்தில் பீஷ்மர் அம்புப் படுக்கையில் கிடக்கிறார், சுற்றிலும் ஆட்கள். அந்த நேரத்தில் அங்கே நான், மச்சான், ஒரு துப்புரவு அம்மா, மூன்று பேர்தான். அதே மேற்குச் சுவரின் இடது பக்கம் இலங்கைப் போர். கிழக்குப் பக்கம் போனால் பாற்கடல் கடைகிறார்கள், ஐம்பது மீட்டர் நெருங்கும் நீளம். வாசுகியின் உடம்பு மேல் கைபட்டுக் கைபட்டுக் கல் கறுத்து மின்னுகிறது, நம் ஊர் நந்தி மூக்கு மாதிரி.

வழிகாட்டிப் பையன் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தான். பாதியில் நான் அவனுக்குக் கதை சொல்ல ஆரம்பித்துவிட்டேன். எட்டாவது ஃபெயிலான என் கதையே இப்படி என்றால், கம்பன் நடத்தின உங்களுக்கு எப்படி இருக்கும் பாருங்கள். டா புரோமில் வேர் பிடித்துக் கிடக்கும் கோயிலைத் தூக்கி நிறுத்தியதில் நம் தொல்லியல் துறைக்காரர்களுக்கும் பங்குண்டு, பலகையில் இந்தியக் கொடியைப் பார்த்ததும் மச்சான் சல்யூட் அடித்தான்.

படி செங்குத்து. ஆனால் மேல் கோபுரம் ஏறாவிட்டால் ஒன்றும் குறையாது. சுவர் எல்லாம் கீழேதான்.

வேலந்தாவளம் வண்டி

எல்லோரும் டிக்கெட் போட்டுப் போகிற இடத்தைச் சொல்கிறீர்கள். நம் பக்கத்து ஆட்கள் பாதிப் பேர் பாரம்பரியச் சின்னத்துக்குப் பக்கத்திலேயே பதினைந்து வருடம் குப்பை கொட்டிவிட்டு, அது என்னவென்று தெரியாமல் திரும்பி வருகிறோம். நானும் அப்படித்தான்.

பஹ்ரைனில் ஆறு வருடம் வண்டி ஓட்டினேன். கலாத் அல் பஹ்ரைன் என்று கடலோரத்தில் ஒரு மண்மேடும் கோட்டையும். வெள்ளிக்கிழமை அதற்குப் பக்கத்தில்தான் கிரிக்கெட். நாங்கள் அதை 'போர்த்துகீசுக் கோட்டை' என்போம், பந்து அந்தப் பக்கம் போனால் நாலு ரன். அது கிமு 2300 வாக்கிலிருந்து மனிதன் இருந்த இடமாம். தில்முன் என்ற நாட்டின் தலைநகரம். 2005-இல் பட்டியலில் சேர்ந்தது. நாடு திரும்புகிற வருடம்தான், ஒரு முதலாளியை இறக்கிவிட்டுக் காத்திருந்தபோது, சும்மா அருங்காட்சியகத்துக்குள் போனேன். மண் கிண்ணம். கிண்ணத்துக்குள் பாம்பின் எலும்பு, சுருண்டபடி. அரண்மனைத் தரைக்குக் கீழே வரிசையாகப் புதைத்திருந்தார்களாம், சிலதில் ஒரு முத்தோ மணியோ போட்டு. டென்மார்க்காரர்கள் தோண்டி எடுத்தது. எங்கள் வீட்டுத் தென்மேற்கு மூலையில் பாம்புக்காவு இருக்கிறது, ஆயில்யம் அன்றைக்குப் பாட்டி விளக்கு வைப்பாள். அந்தக் கிண்ணத்தின் முன்னால் கொஞ்ச நேரம் அசையவே முடியவில்லை.

அப்புறம் அமீரகத்தில் அல் ஐன். 2011-இல் சேர்ந்தது. பேரீச்சந்தோப்புக்குள் வாய்க்கால் ஓடும், ஃபலாஜ் என்பார்கள். மலையடி நீரைப் பூமிக்கடியில் சாய்வாகக் கொண்டுவருகிற ஏற்பாடு. ஓமானில் இதற்கென்றே ஐந்து ஃபலாஜ்களை 2006-இல் சேர்த்திருக்கிறார்கள். அங்கே தண்ணீரை அளவு வைத்துப் பங்கு போடுவதில்லை, நேரம் வைத்து. பகலில் நிழல் பார்த்து, இரவில் நட்சத்திரம் பார்த்து. நம் சித்தூர்ப் புழை வாய்க்காலில் முறைத் தண்ணீருக்கு ராத்திரி டார்ச்சோடு காவல் காத்தவனுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

அதே ஓமானில் அரபு மான் சரணாலயம் ஒன்று இருந்தது. எண்ணெய் கிடைத்ததும் சரணாலயத்தைத் தொண்ணூறு சதவீதம் சுருக்கிவிட்டார்கள். 1996-இல் 450 இருந்த மான் 65 ஆனது. 2007-இல் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். முதன்முதலாகப் பெயர் நீக்கப்பட்ட இடம் அதுதான்.

மாஷே, அல் ஐனில் என் தங்கை குடும்பம் இருக்கிறது. தங்க இடம் இலவசம்.

குமுளி ஏலம்

பெயர் நீக்கம் என்றதும் சொல்கிறேன். ஜெர்மனியில் டிரெஸ்டன் ஒரு பாலத்துக்காக 2009-இல் போனது. லிவர்பூல் துறைமுகம் 2021-இல் போனது. நம் ஹம்பியும் ஆனெகுந்திப் பாலத்தால் 1999 முதல் 2006 வரை அபாயப் பட்டியலில் கிடந்தது. பாலம் கடைசியில் தானாகவே இடிந்து விழுந்தது, அது வேறு கதை.

எனக்கு இந்தப் பட்டியலே கொஞ்சம் கசப்பு. 2012-இல் மேற்குத் தொடர்ச்சி மலையில் 39 துண்டுகளைச் சேர்த்தார்கள். பெரியாறு அதில் ஒன்று. நான் தூங்குவதே உலகப் பாரம்பரியத்தின் வாசற்படியில்தான். பன்றி வந்து ஏலச்செடியை உழுதுவிட்டுப் போனால் அதுவும் பாரம்பரியப் பன்றி, நாமாகக் கையை வைக்க முடியாது. பார்க்க வருகிறவர்களுக்கு அழகு, இருக்கிறவர்களுக்கு அரசாணை.

கொழிஞ்சாம்பாறை மாஷ்

ஏலக்காய்க்காரரே, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் அதே 39-இல்தான் எங்கள் அமைதிப் பள்ளத்தாக்கும். முக்காலியில் வண்டி ஏறி 23 கிலோமீட்டர் காட்டுக்குள் குலுங்கிப் போனால் சைரந்திரி. அங்கே குந்திப்புழையின் குறுக்கே மின்சார வாரியம் அணை கட்ட இருந்தது. எழுபதுகளின் கடைசியில் பிள்ளைகளும் கவிஞர்களும் வாத்தியார்களும் தெருவில் இறங்கியதால் நின்றது. 1984-இல் தேசியப் பூங்கா. சில்வண்டுச் சத்தம் இல்லாத காடு என்பதால் அந்தப் பெயர் என்பார்கள். நான் போன அன்றைக்கு என் காதில் சில்வண்டு நன்றாகவே கேட்டது. ஆனால் கண்காணிப்புக் கோபுரத்தில் நின்று, அணை வந்திருந்தால் தண்ணீர் எதுவரை நின்றிருக்கும் என்று வனத்துறைத் தம்பி கையை நீட்டிக் காட்டியபோது வயிறு ஒரு மாதிரி ஆனது. சிங்கவால் குரங்கு ஒன்று அந்த உயரத்தில் உட்கார்ந்து பலாக்காயைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

சித்தூரான்

எங்களுக்கு அந்த யோகம் இல்லை. நாகார்ஜுனசாகர் அணை வந்தபோது நாகார்ஜுனகொண்டா பள்ளத்தாக்கு முழுகியது. 1954 முதல் 1960 வரை அவசர அவசரமாகத் தோண்டி, எடுத்ததை மலை உச்சியில் கொண்டுபோய் வைத்தார்கள். இப்போது அது தீவு, படகில் போகிறோம். இக்ஷ்வாகு மன்னர்களின் தலைநகரம் கீழே தண்ணீரில்.

தக்கலை தங்கம்

தாமதமாக வருகிறேன். எல்லைப் பக்கத்து ஆட்கள் இத்தனை பேர் கூடியும் பத்மநாபபுரம் அரண்மனையை ஒருத்தரும் சொல்லவில்லையே! 2014-லிருந்து தற்காலிகப் பட்டியலில் இருக்கிறது. மண் தமிழ்நாடு, வீடு கேரளம். 1956-இல் எங்கள் மாவட்டம் இந்தப் பக்கம் வந்தபோதும் அரண்மனை அவர்கள் கையிலேயே நின்றது, இன்றைக்கும் கேரளத் தொல்லியல் துறைதான் சாவி வைத்திருக்கிறது. தேங்காய்ச்சிரட்டைக் கரியும் முட்டை வெள்ளையும் சுண்ணாம்பும் சேர்த்துப் போட்ட தரை என்பார்கள், நவராத்திரி மண்டபத்தில் குனிந்தால் முகம் தெரியும். நவராத்திரிக்கு இங்கிருந்து சரஸ்வதி, வேளிமலை முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூவரும் திருவனந்தபுரம் போவார்கள். களியக்காவிளையில் இந்த மாநிலப் போலீஸ் அணிவகுத்து அனுப்பிவைக்க, அந்த மாநிலப் போலீஸ் வரவேற்கும். திங்கட்கிழமை விடுமுறை, வந்து ஏமாறாதீர்கள்.

சரி, மாஷ் கேட்டது வெளிநாடு. நான் பார்த்ததில் பொலன்னறுவை. இலங்கை, 1982-இல் சேர்ந்தது. எல்லோரும் சிகிரியாவுக்கு ஓடுவார்கள், அது ஆயிரத்துச் சொச்சம் படி, உங்கள் வீட்டுக்கு ஆகாது. பொலன்னறுவை சமதளம், சைக்கிளோ ஆட்டோவோ போதும். அங்கே சோழர் கட்டிய சிவன் கோயில் நிற்கிறது. வானவன் மாதேவி ஈச்சரம். சின்னது, நம் ஊரில் வயலுக்கு நடுவே நிற்குமே ஒற்றைக் கற்றளி, அதேதான். சுவரில் தமிழ் எழுத்து. நான் நர்ஸ் வேலை பார்த்தவள், கல்வெட்டு படிக்கத் தெரியாது. 'ஸ்வஸ்தி ஸ்ரீ' மட்டும் எழுத்துக்கூட்டிப் படித்தேன். அதற்கே சிலிர்த்துவிட்டது. கொஞ்ச தூரத்தில் வேளைக்காரப் படையினர் பல்லைப் பாதுகாப்போம் என்று தமிழில் வெட்டிவைத்த கல் இருக்கிறது. பல் என்றால் புத்தரின் பல்.

இப்போது என் கேள்வி. இத்தனை பேர் இவ்வளவு சொல்லிவிட்டோம். மாஷே, உங்கள் வீட்டம்மாவிடம் கேட்டீர்களா?

நகரி தறி

அக்கா அடித்தது சிக்ஸர்.

வேலந்தாவளம் வண்டி

மாஷ் இரண்டு நாளாக ஆளையே காணோம். வீட்டில் கேட்டுவிட்டார் போல.

மட்டுறுத்துநர்

நகரியில் சேலை மொத்த விலை கேட்டு வந்த பதிவுகளை வணிகப் பகுதிக்கு மாற்றியிருக்கிறேன். தலைப்பைத் தொடருங்கள்.

கொழிஞ்சாம்பாறை மாஷ்

கேட்டேன், தங்கம் அக்கா. கேட்காமல் இருந்தது தப்புதான். 'உனக்கு முட்டி வலி' என்று என் பட்டியலில் ஒரு வரியாகத்தான் அவளைச் சேர்த்திருந்தேன்.

அவள் அபு சிம்பல் என்றாள். எகிப்து. எனக்குப் பேச்சே வரவில்லை. அந்தப் பெயர் அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். 'நீங்க வினாடி வினாவுக்கு உரக்கப் படிப்பீங்களே, நான் அடுப்படியில கேட்டுட்டுத்தானே இருந்தேன்.'

அவள் பிறந்த ஊர் ஓர் அணைக்குள் போனது. அவள் அம்மாவின் இடுப்பில் இருந்த குழந்தை அப்போது. வீட்டுக்கும் நிலத்துக்கும் ஏதோ தொகை கொடுத்தார்கள். மாரியம்மன் கோயில் அப்படியே நின்றது, சிலையை மட்டும் வண்டியில் ஏற்றி வந்தார்கள். கடுங்கோடையில் தண்ணீர் இறங்கினால் கோயில் மேடையும் இரண்டு கல் தூணும் தெரியும். மாமியார் இருந்தவரை அந்த வருடங்களில் நடந்துபோய்ச் சேற்றில் நின்று சூடம் காட்டிவிட்டு வருவார். இது எனக்குத் தெரியும். அபு சிம்பலை நான் பாடமாகப் படித்தபோது, ஒரு கோயிலையே அறுத்துத் தூக்கி மேலே வைத்தார்கள் என்ற ஒரு வரி அவள் காதில் இத்தனை வருடம் இருந்தது எனக்குத் தெரியாது.

அஸ்வான் அணை கட்டும்போது நைல் பொங்கி இரண்டாம் ராம்செஸ் குடைந்த கோயில்கள் முழுக இருந்தன. 1964 முதல் 1968 வரை மலையையே ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டாக அறுத்தார்கள். ஒரு துண்டு இருபது, முப்பது டன். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, 65 மீட்டர் மேலே, 200 மீட்டர் பின்னால் கொண்டுபோய் அதே மாதிரி அடுக்கினார்கள். இதையும் சேர்த்து அந்தப் பகுதிக் கோயில்களைக் காப்பாற்ற ஆன 8 கோடி டாலர் செலவில் பாதியைச் சுமார் ஐம்பது நாடுகள் கொடுத்தன. நாடு தாண்டியும் ஓர் இடம் எல்லோருக்கும் சொந்தம் என்று 1972-இல் ஒப்பந்தம் போட்டதற்கு இந்த வேலைதான் பிள்ளையார் சுழி. நான் எத்தனை முறை சொல்லிக்கொடுத்த பாடம்!

யாராவது போயிருக்கிறீர்களா? படி உண்டா?

சித்தூரான்

மாஷே, அண்ணியாரிடம் ஒன்று கேளுங்கள், நாகார்ஜுனகொண்டாவுக்கும் வருவார்களா என்று. படகுச் செலவு என்னுடையது.

வேலந்தாவளம் வண்டி

நான் போயிருக்கிறேன். முதலாளி குடும்பத்தோடு போனபோது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளக் கூட்டிப்போனார்கள். அஸ்வானிலிருந்து 280 கிலோமீட்டர், பாலைவனச் சாலை. விடியும் முன்பே கிளம்பினால் மூன்றரை மணி நேரம். பெரிய ஏற்றம் கிடையாது. கோயில் இருக்கும் மேட்டைச் சுற்றி நடை, கோயிலுக்குள்ளே சமதரை. முட்டிக்குப் பயமில்லை. வெயில்தான் ஆளைக் கொல்லும், ஓய்வு பெற்ற சூட்டோடு ஜூனில் கிளம்பாதீர்கள். நவம்பருக்கு மேல் போங்கள்.

முன்னால் நாலு ராம்செஸ், ஒவ்வொன்றும் 20 மீட்டர். ஒன்றுக்கு இடுப்புக்கு மேல் இல்லை. பழைய காலத்துப் பூகம்பத்தில் விழுந்தது, தலை கால்மாட்டில் கிடக்கிறது. மாற்றி வைத்தபோது அந்த உடைந்த துண்டுகளையும் கொண்டுவந்து, விழுந்துகிடந்த மாதிரியே போட்டிருக்கிறார்கள். ஒட்டவைக்கவில்லை. பக்கத்தில் நெஃபர்தாரி கோயில், அங்கே ராணிக்கும் ராஜா உயரமே சிலை. மற்ற இடங்களில் ராணி முழங்கால் உயரம்தான் இருப்பாளாம்.

நகரி தறி

பிப்ரவரி 22, அக்டோபர் 22 இரண்டு நாள் சூரியன் கருவறை வரை போகும் என்று திருவிழாக் கூட்டம் இருக்குமாம். அந்தத் தேதிகளைத் தவிருங்கள். கெய்ரோவில் புது அருங்காட்சியகம் 2025 நவம்பரில் திறந்திருக்கிறார்கள், அதற்கு ஒரு முழு நாள். பிரமிடு அதன் பக்கத்திலேயே. அங்கோர் போனால் போகட்டும், என் மச்சானிடம் சொல்லிக்கொள்கிறேன்.

கொழிஞ்சாம்பாறை மாஷ்

எல்லாவற்றையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். உடைந்த துண்டுகளை ஒட்டாமல் போட்டிருக்கிறார்கள் என்ற இடத்தை இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். ஒரு கேள்வி மட்டும் கேட்கிறாள்: கோயில் முதலில் இருந்த இடம் தெரியுமா?

வேலந்தாவளம் வண்டி

தெரியாது மாஷே. அது நாசர் ஏரிக்கு அடியில். கோயிலுக்கு முதுகு காட்டி நின்றால் எதிரே தண்ணீர்தான், கரை தெரியாத தூரத்துக்கு. வழிகாட்டி அந்தப் பக்கம் கை காட்டி, அங்கேதான் இருந்தது என்பான்.

கொழிஞ்சாம்பாறை மாஷ்

சொன்னேன். 'அப்போ நான் முதல்ல தண்ணியைத்தான் பார்ப்பேன், நீங்க கோயிலைப் பாருங்க' என்கிறாள்.

ஜனவரிக்கு டிக்கெட் பார்க்கிறேன். அவளுடைய பாஸ்போர்ட்டில் பிறந்த ஊர் என்ற இடத்தில் இன்றைக்கும் அந்தப் பழைய ஊர்ப் பெயர்தான். விசாவுக்கு அதனால் ஏதாவது சிக்கல் வருமா? யாருக்காவது அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்.